மலை வரைபடத்தில் சுரங்கக் குறிகள் நிலைக்க வேண்டும்

2015 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சில்வர்ட்டன் ஊருக்கு அருகே கோல்டு கிங் என்னும் கைவிடப்பட்ட சுரங்கம் உடைப்பெடுத்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு அதன் வாயிலில் மண்ணை அகற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 30 லட்சம் காலன் கழிவுநீர் பீறிட்டு அனிமாஸ் ஆற்றை ஆரஞ்சு நிறமாக்கியது. அக்கம்பக்கத்துச் சுரங்கவழி ஒன்றை 1990களில் அடைத்தபின் மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்ததும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு வாயை அடைத்தால் நீர் இன்னொரு வாயைத் தேடும். ஆகவே ஒரு மலையின் சுரங்க வாய்களை ஒருசேரக் காட்டும் வரைபடம் பாதுகாப்புக்கு அடிப்படை ஆவணம்.

அத்தகைய ஆவணம் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை கடந்த நூற்றாண்டில் 1:24,000 அளவில் வெளியிட்ட நிலவரைபடங்களில், சமவுயரக் கோடுகளுக்கிடையே சுரங்கக் குறிகள் நிறைந்திருக்கும்: கனிமம் தேடித் தோண்டிய குழிக்குப் பெருக்கல் குறி, செங்குத்துச் சுரங்கத்துக்குப் பாதி கறுத்த சதுரம், மலைக்குள் கிடையாகச் செல்லும் வழிக்குக் கவை வடிவம். இவற்றைக் கழிவு மேடுகளோடும் ஓடைகளோடும் சேர்த்துப் படித்தால், அமில நீர் எந்த ஓடையில் இறங்கக்கூடும் என்று கணிக்கலாம். ஆனால் 2009 முதல் கணினித் தரவுகளிலிருந்து உருவாக்கப்பட்ட புதிய வரிசையில் தொடக்கத்தில் இக்குறிகள் விடுபட்டன. பின்னர் அதே துறை பழைய தாள்களிலிருந்து அவற்றை எண்ணியல் தரவாகத் தொகுக்க வேண்டியிருந்தது.

குறிகளைக் காட்டினால் சாகச விரும்பிகள் ஆபத்தான குழிகளில் இறங்குவார்கள் என்பது முதல் ஆட்சேபம். இந்தக் கவலை நியாயமானது. ஆயினும் மறைப்பதால் குழி மூடிவிடாது. வீடு கட்டுபவருக்கும் சாலை போடுபவருக்கும் எச்சரிக்கைதான் இல்லாமல் போகும். வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்கவே இடம் தெரிய வேண்டும். பழைய தாள்கள் முழுமையற்றவை என்பது இரண்டாவது ஆட்சேபம். உண்மைதான்; கோல்டு கிங் விபத்தை வரைபடம் மட்டுமே தடுத்திருக்காது, நிலத்தடி இணைப்புகளை அது காட்டுவதுமில்லை. ஆனால் எங்கே களஆய்வு செய்ய வேண்டும் என்பதை அதுதான் முதலில் சொல்கிறது.

நம் நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பகுதிகளுக்கும் இது பொருந்தும். 1880 வாக்கில் பொன் வேட்டைக்காக அங்கே குடைந்த சுரங்கங்களில், பிற்காலத்தில் பொன் தேடி இறங்கி மாண்டவர்கள் உண்டு. பழைய தாள்களிலும் ஆவணங்களிலும் உள்ள ஒவ்வொரு சுரங்க வாயையும் களத்தில் சரிபார்த்து, பதிவான ஆண்டோடு புதிய வரைபடத்தில் தனி அடுக்காகச் சேர்த்து, ஊராட்சிகளின் கையில் கொடுப்பது அரசின் கடமை.