நாரி நோவும் அபின் ஒட்டும்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவரோடு தொலைபேசியில் உரையாடும்போது ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. 'பட்ச்' என்கிறார்கள். நாரி நோவுக்கு டொக்டர் 'பட்ச்' எழுதித் தந்திருக்கிறார், ஒட்டிவிட்டால் மூன்று நாளைக்குக் கவலையில்லை என்கிறார்கள். சித்தாலேப பூசுவதைப் பற்றியோ, கடையில் வாங்கும் நோப் பிளாஸ்ரரைப் பற்றியோ பேசும் அதே தொனியிற்றான் இதனையும் பேசுகின்றார்கள். அந்தத் தொனியை எதிர்த்தே இதனை எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த ஒட்டு, நோகின்ற இடத்தில் வேலை செய்வதில்லை. நாரி நோவுக்கான ஒட்டை நெஞ்சிலோ புயத்திலோ ஒட்டச் சொல்வதிலிருந்தே இது விளங்க வேண்டும். மருந்து தோலினுள் ஊறி, அதன் மேலடுக்குகளில் தேங்கி, அங்கிருந்து குருதியில் கலந்து மூளைக்குச் செல்கின்றது. அந்த மருந்து பெரும்பாலும் பென்டனில். பெல்ஜியத்தைச் சேர்ந்த போல் யான்சன் 1960 அளவில் உருவாக்கிய செயற்கை அபின்வகை மருந்து அது. மோர்பினைவிட 50 முதல் 100 மடங்கு வலிமை கொண்டது. மணித்தியாலத்துக்கு 25 மைக்ரோகிராம் வெளிவிடும் ஓர் ஒட்டு, நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்குக் குறையாத மோர்பினை வாயால் உட்கொள்வதற்குச் சமம். ஒட்டைக் கழற்றியதும் மருந்து நின்றுவிடுவதுமில்லை. குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு 17 மணித்தியாலமும் அதற்கு மேலும் செல்லும். பிளாஸ்ரர் போல் தோற்றமளிக்கும் ஒன்று பிளாஸ்ரர் ஆகிவிடாது.

இந்த ஒட்டைப் பழிப்பது என் நோக்கமன்று. மஹரகமையிலோ தெல்லிப்பழையிலோ புற்றுநோய் விடுதியில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்த எவரும் அபின்வகை மருந்துகளைப் பழிக்க மாட்டார்கள். விழுங்க முடியாத நோயாளிக்கு, இறுதி மாதங்களில் உறக்கத்தையும் அமைதியையும் தருகின்ற மருந்து அது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பென்டனில் ஒட்டினை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. சேர்த்தபோது அதன் தேவையையும் குறிப்பிட்டது: புற்றுநோய் வலி. அதே நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டலை வெளியிட்டது. குறிப்பான நோயொன்று காரணமாகக் காணப்படாத அவ்வலிக்கு அபின்வகை மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அதில் பரிந்துரைத்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நான் சொல்ல வருவது முழுவதும் அடங்கிவிடும்.

அப்படியாயின் புற்றுநோய்க் கட்டிலுக்குரிய மருந்து, தொழிற்சாலையில் பெட்டி தூக்கி நாரி பிடித்துக்கொண்டவனின் முதுகுக்கு எவ்வாறு வந்தது?

விளம்பரத்தால் வந்தது. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற வகையில், விளம்பரமானது அறிவியலின் அங்கியை அணிந்துகொண்டு வருவதை நான் நன்கறிவேன். 'டியூராஜெசிக்' என்ற பெயரில் இந்த ஒட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1990 இல். 2004 செப்ரெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதனை விற்ற யான்சன் நிறுவனத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வைத்தியர்களுக்கு வழங்கப்பட்ட விளம்பர அட்டை பொய்யானது அல்லது தவறாக வழிநடத்துவது என்பதே அதன் சாரம். நாட்பட்ட முதுகு வலியில் பயன் நிரூபிக்கப்பட்டதாக அவ்வட்டை கூறியது. ஆதாரமாகக் காட்டிய ஆய்விலோ ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றே இருக்கவில்லை. ஒட்டை அணிந்தவர் 1,360 பாண் சுட்டெடுத்தார், இன்னும் சுடுகிறார் என்ற தோரணையில் அமைந்த வாசகமும் அதில் இருந்தது. வேலை தடைப்படாது, வாழ்க்கை தடைப்படாது என்பதே உட்பொருள். கூலித் தொழிலாளிக்கு இதைவிட இனிய பொய் வேறென்ன வேண்டும்?

பின்னர் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 இல் ஒக்லஹோமா மாநில நீதிபதி ஒருவர், தாய் நிறுவனமான ஜோன்சன் அன்ட் ஜோன்சன் 572 மில்லியன் டொலர் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தார். 2021 இல் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. பொதுத் தொல்லைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்பது அங்கு கூறப்பட்ட காரணம். 2022 இல் நாடளாவிய இணக்கமொன்றில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 5 பில்லியன் டொலர் வரை கொடுக்க நிறுவனம் சம்மதித்தது. சட்டத்தின் கண்ணில் எது எப்படியாயினும், அந்த அட்டையிலிருந்த கூற்று உண்மையாகிவிடவில்லை.

ஆய்வுகள் சொல்வதென்ன? 2005 இல் வெளியான ஆய்வொன்றில் நாட்பட்ட கீழ்முதுகு வலி கொண்ட 680 பேருக்கு 13 மாதங்கள் பென்டனில் ஒட்டோ மோர்பின் மாத்திரையோ கொடுக்கப்பட்டது. வலி தணிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம், ஒட்டில் மலச்சிக்கல் குறைவு என்றது முடிவு. இரண்டு அபின்வகை மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், எது மலச்சிக்கலைக் குறைக்கும் என்பது தெரியும். அபின்வகை மருந்தே தேவையா என்பது தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை 2018 இல் வந்தது. அமெரிக்க முன்னாள் படையினர் 240 பேரை 12 மாதங்கள் அவதானித்த ஆய்வு அது. நாட்பட்ட முதுகு வலியோ, இடுப்பு முழங்கால் மூட்டு வலியோ உடையவர்கள். ஒரு சாராருக்கு அபின்வகை மருந்துகள்; அவற்றின் இறுதிப் படியாகப் பென்டனில் ஒட்டும் இருந்தது. மறு சாராருக்குப் பரசிற்றமோல் முதலான சாதாரண மருந்துகள். ஆண்டு முடிவில் நாளாந்த இயக்கத்தில் வேறுபாடு இல்லை. வலியோ சாதாரண மருந்து எடுத்தவர்களிடமே சற்றுக் குறைவு. பக்கவிளைவு மற்றவர்களிடமே அதிகம்.

ஏழு நாள் ஒட்டான புப்ரெனோர்பின் இதனிலும் மென்மையானது; மூச்சை அடக்கும் தன்மை குறைந்தது. அதனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் ஆதாரத்தையும் பாருங்கள். 2011 இல் வெளியான கீழ்முதுகு வலி ஆய்வில் 1,024 பேர் ஒட்டைத் தொடங்கினார்கள். அதனைத் தாங்கிப் பயனும் கண்ட 541 பேர் மட்டுமே ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் வாசலிலேயே கழிக்கப்பட்டு விட்டனர். எஞ்சியோரிடம் வெற்று ஒட்டுக்கும் மருந்து ஒட்டுக்குமிடையே காணப்பட்ட வேறுபாடு, பத்துப் புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளியைக்கூட எட்டவில்லை.

இனி எம்மவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. நாரி நோ என்றதும் எங்கள் வீடுகளில் முதலிற் செய்வது என்ன? ஒத்தடம். சுடுநீர்ப் போத்தல், நொச்சி அவித்த வெந்நீர்க் குளிப்பு. குளிர் நாடுகளில் மின்சார வெப்பப் பட்டியும் சேர்ந்துகொண்டது. பென்டனில் ஒட்டின் மீது வெப்பம் பட்டால் மருந்து குருதியில் கலக்கும் வேகம் கூடுகின்றது. காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே. கூடினால் மூச்சு அடங்கும். உறக்கத்தில் அடங்கினால் அருகில் இருப்பவருக்கும் தெரியாது. தலைமுறைகளாகத் தீங்கற்றதாக இருந்த ஒத்தடமே இங்கு எமனாகலாம். கழற்றி எறிந்த ஒட்டிலும் மருந்து மிஞ்சியிருக்கும். 15 ஆண்டுகளில் சிறுவர்கள் தற்செயலாக இந்த ஒட்டுக்கு ஆளான 26 சம்பவங்கள் தனக்கு அறிக்கையிடப்பட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012 இல் அறிவித்தது. அவற்றில் 10 மரணத்தில் முடிந்தன. பெரும்பாலானோர் இரண்டு வயதும் அதற்குட்பட்டவர்களும். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அப்பப்பாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் இதனை யார் சொன்னார்கள்?

"நோவு உனக்கு வந்தாற்றான் தெரியும்" என்பார்கள். உண்மை. நோவைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. 2020 இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகக் கணிக்கப்பட்டது. இரவு வேலையும் குளிரும் தரிப்பில்லாத ஓட்டமும் எம்மவர் முதுகை முறித்தது எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. முறிந்த முதுகுக்கு வேண்டியது பயிற்சி, இயக்கம், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் நேரம், பாரம் குறைந்த வேலை. இவற்றைக் கொடுப்பதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். மருந்துச்சீட்டு எழுதப் பத்து நிமிடம் போதும். நேரத்தைக் கொடுக்க மறுக்கும் ஓர் அமைப்பு, அதற்கு ஈடாக ஒட்டைக் கொடுக்கின்றது. இதனைக் கருணை என்று நாம் மயங்கக் கூடாது.

பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016 இலேயே நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு அபின்வகை மருந்து வேண்டாம் என்றது. அங்குள்ள மருந்து ஒழுங்காற்று முகவரகம், முன்னர் அபின்வகை மருந்து எடுக்காத ஒருவருக்குப் புற்றுநோயல்லாத வலிக்காகப் பென்டனில் ஒட்டுக் கொடுக்கலாகாது என்று 2020 இல் அறிவித்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2010 முதல் 2013 வரை ஆண்டுதோறும் உலகில் விநியோகிக்கப்பட்ட அபின்வகை மருந்து, மோர்பின் அளவிற் சொன்னால், 298.5 மெற்றிக் தொன். அதில் வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன் என்று 2017 இல் லான்செற் ஆணைக்குழு எழுதியது. ஓரிடத்தில் தேவையற்ற முதுகில் ஒட்டுகின்றார்கள். இன்னோரிடத்தில் எலும்பிற் பரவிய புற்றுநோயோடு ஒருவன் ஒரு துளி மோர்பினுமின்றி அலறிச் சாகின்றான்.

ஒட்டு அணிந்திருப்பவர்கள் இதனைப் படித்ததும் பிய்த்தெறிய வேண்டாம். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரின் மேற்பார்வையிற் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அடுத்த முறை அவர் முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது என் முதுகை நடக்க வைக்குமா? எப்போது நிறுத்துவோம்? இதற்குப் பதிலாக நீங்கள் எனக்குத் தரக்கூடியது என்ன? விடை சொல்ல அவருக்கு நேரமில்லையென்றால், அந்த ஒட்டு உங்கள் நாரிக்காக எழுதப்பட்டதன்று. அவருடைய மணிக்கூட்டுக்காக எழுதப்பட்டது.