நூலக அட்டை எடுத்துவிட்டீர்களா?



உங்கள் வீட்டில் எத்தனை அட்டைகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டை, வங்கி அட்டை, டோல் கட்டும் அட்டை, கிளினிக் அட்டை, பேரங்காடியில் புள்ளி சேர்க்கும் அட்டை எல்லாம் இருக்கும். பொது நூலக அட்டை இருக்கிறதா? அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கொன்று இருக்கிறதா?

இல்லை என்பவர்களுக்காகவே இந்தத் தலையங்கம். குறை சொல்வதற்காக அல்ல. நமக்குச் சேர வேண்டிய ஒன்றை நாம் எடுக்காமல் விட்டிருக்கிறோம். அதைச் சொல்ல வேண்டியது நமது கடமை.

ஜொகூரில் நம்மவர்களின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதிகாலை 4 மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடுகிறவர்கள் எத்தனை பேர்! பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு, விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து சமைக்கிற தாய்மார்கள் எத்தனை பேர்! பள்ளி முடிந்து பிள்ளை வீட்டுக்கு வரும் நேரத்தில் ஒருவர் வேலையில் இருப்பார், ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். மலிவுவிலை அடுக்குமாடியில் ஐந்தாறு பேர் இருக்கிற வீடு. நடுவில் தொலைக்காட்சி, கையில் கைப்பேசி. அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்?

தோட்டத்தில் இருந்த காலத்தை மூத்தவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். வசதி இல்லை, மின்சாரம் கூட இல்லாத லயங்கள் இருந்தன. ஆனால் வாசிப்பு இருந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டம் தோட்டமாக வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இளைஞர் மணிமன்றங்கள் பல இடங்களில் படிப்பகம் நடத்தின. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி. அவ்வளவுதான். அந்த அலமாரியிலிருந்து புறப்பட்டு ஆசிரியரானவர்களும் எழுத்தாளரானவர்களும் நம்மிடையே உண்டு.

பிறகு என்ன நடந்தது? மவுண்ட் ஆஸ்டின் போன்ற தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள், கடைத்தொகுதிகள். 2006இல் இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு இந்த மாற்றம் இன்னும் வேகம் பிடித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட போது கோயிலுக்காகக் குரல் கொடுத்தோம். தமிழ்ப்பள்ளிக்காகக் குரல் கொடுத்தோம். வீட்டுக்காகவும் கொடுத்தோம். படிப்பகத்தைக் கேட்க மறந்துவிட்டோம். லயத்து வாழ்க்கையோடு அதுவும் போய்விட்டது. தமிழ் நேசனும் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது.

இழந்த அந்தப் படிப்பகத்தின் இடத்தை இன்று நிரப்பக்கூடியது பொது நூலகம். ஜொகூர் பொது நூலகக் கழகத்தின் கிளைகள் மாவட்டப் பட்டணங்களில் இருக்கின்றன. சில ஊர்களில் நகராண்மைக் கழகமும் நூலகம் நடத்துகிறது. கம்பத்துப் பக்கம் கிராம நூலகங்கள் உண்டு. அங்கே போனால் உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? வெளிச்சமான ஓர் இடம், ஒரு மேசை, ஒரு நாற்காலி. சத்தம் இல்லாத இரண்டு மணி நேரம். டியூஷனுக்கு மாதம் நூறு, இருநூறு வெள்ளி கொடுக்க முடியாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

பிள்ளைக்கு மட்டுமல்ல. பல்கலைக்கழக விண்ணப்பம், வேலை விண்ணப்பம், அரசாங்க உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் இப்போது கணினி வழிதான். கைப்பேசியின் சின்னத் திரையில் பாரம் நிரப்பித் தவறு செய்துவிட்டு வாய்ப்பை இழந்தவர்களை நாம் பார்க்கிறோம். கணினி வைத்திருக்கும் நூலகத்தில் நிதானமாக உட்கார்ந்து அதைச் செய்யலாம். வேலை ஓய்வு பெற்ற அப்பா நாளிதழ் படிக்கலாம். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைக்கு அம்மா படக்கதை காட்டலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பிடி3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டது. தேர்வு முறைகள் மாறும், மீண்டும் மாறும். ஆனால் உங்கள் பிள்ளைக்குச் சரளமாக வாசிக்க வருகிறதா என்பதை எந்தத் தேர்வுக்கும் காத்திராமல் நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை முதலாம் படிவம் போனதும் பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கிறது. மலாயில் கதைப்புத்தகம் படித்துப் பழகிய பிள்ளை அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். பாடநூலை மட்டுமே பார்த்த பிள்ளை தடுமாறும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க நினைக்கும் பிள்ளைக்குத் துணைநூல்கள் வேண்டும். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க நம்மால் முடியுமா?

“அது மலாய்க்காரர்கள் போகிற இடம், அங்கே நமக்கு என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

பொது நூலகம் பொதுப்பணத்தில் நடக்கிறது. நீங்கள் கட்டும் வீட்டு வரி, வருமான வரி, கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரி எல்லாம் அந்தப் பொதுப்பணத்தில் சேர்ந்ததுதான். கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழியாக்குகிறது. அதே பிரிவு, பிற மொழிகளைப் படிக்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்கிறது. பிற சமூகங்களின் மொழிகளைப் பேணிக் காக்க மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உரிமையையும் அது பாதுகாக்கிறது. ஆகவே ஒரு மாநில நூலகம் தமிழ் நூல் வாங்குவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 1986ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் 5 படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். தமிழ் நூலும் அதில் அடக்கம். யுனெஸ்கோவின் பொது நூலகப் பிரகடனமும் சிறுபான்மை மொழி பேசுவோருக்கு நூலகம் சேவை வழங்க வேண்டும் என்று 1994லேயே சொன்னது. 2022இல் அது புதுப்பிக்கப்பட்டது.

அப்படியானால் ஏன் பல நூலகங்களில் தமிழ் அடுக்கு மெலிந்து கிடக்கிறது?

சொந்த அனுபவம் ஒன்று. இம்மாநிலத்தில் ஒரு நூலகத்துக்குப் போய்த் தமிழ் நூல் எங்கே என்று கேட்டேன். மூலையில் ஓர் அடுக்கைக் காட்டினார்கள். பழைய நாவல்கள் சில, சமையல் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்த சிறுவர் கதை இரண்டு. ஏன் இவ்வளவுதான் என்று கேட்டேன். அங்கிருந்த பெண்மணி மரியாதையாகவே பதில் சொன்னார்: “யாரும் கேட்பதில்லை ஐயா. இரவல் எடுப்பதும் இல்லை. எந்தப் புத்தகம் நல்லது என்று எங்களுக்கும் படிக்கத் தெரியாது.”

கோபம் வந்தது. வெளியே வந்து யோசித்தபோது அந்தக் கோபத்தில் பாதி நம் பக்கம் திரும்பியது. நூலகம் நடக்கிற விதம் இதுதான். எந்த நூல் அதிகம் இரவல் போகிறதோ, எந்த நூலை மக்கள் கேட்கிறார்களோ, அதற்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்குவது எளிது. யாரும் தொடாத நூல் இடத்தை அடைக்கிறது என்று ஒருநாள் கழித்துவிடுவார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த பணியாளர் இல்லாத நூலகத்தில் நாம் பட்டியல் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு இயலும் அளவில் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். 15 பேர் கையெழுத்துப் போட்ட பள்ளிகளில் வகுப்பு நடந்தது. ‘யாராவது கேட்பார்கள்’ என்று எல்லாரும் இருந்த இடத்தில் அந்த உரிமை சட்டப் புத்தகத்திலேயே தூங்குகிறது.

நம் முன்னோர்கள் இதைவிடக் கடினமான காலத்தில் கேட்டிருக்கிறார்கள், கொடுத்தும் இருக்கிறார்கள். 1950களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் உட்படச் சாதாரண மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். அத்துறை 1956இல் தொடங்கியது. அதன் தமிழ் நூல் சேகரிப்புக்கு அந்த நிதி துணை நின்றது. கொடுத்தவர்களில் பலர் பல்கலைக்கழக வாசலைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நாம் நம் ஊர் நூலகத்தின் வாசலையாவது மிதிக்க வேண்டாமா?

யாழ்ப்பாணத்தையும் நினைத்துப் பாருங்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம், மக்கள் ஆதரவால் வளர்ந்து பெரிய பொது நூலகமானது. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி அதற்குத் தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஓர் இனத்தை ஒடுக்க நினைப்பவனுக்கு நூலகத்தின் மதிப்புத் தெரிந்திருக்கிறது. இங்கே நம் நூலகத்துக்கு யாரும் தீ வைக்கவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. நாம்தான் போகவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தினமும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உட்லண்ட்ஸில் 2001இல் திறந்த வட்டார நூலகத்தில் தமிழ் நூல் பிரிவு உண்டு. தமிழ் அங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. இங்கே அந்த நிலை இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு பொது நூலகத்தில் தமிழ் எப்படி இருக்க முடியும் என்பதை வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒருநாள் எட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து நம் ஊர் நூலகத்தில் கேளுங்கள்.

எதைக் கேட்பது? நம் கதையை முதலில் கேளுங்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத தமிழர்கள் ஏராளம். உங்கள் குடும்பத்திலேயே ஒரு தாத்தா இருக்கலாம். அந்தத் துயரத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலிலும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும் எழுதியிருக்கிறார்கள். சிறுவர்களுக்கு கே. பாலமுருகன் மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். இவை நம் மண்ணில் பிறந்த நூல்கள். இவை உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கின்றனவா?

இனி செய்ய வேண்டியவை:

1. இந்த மாதமே குடும்பத்தோடு அருகில் உள்ள நூலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். உறுப்பினர் விதிகளும் திறக்கும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும். கவுண்டரில் கேளுங்கள். 2014 முதல் 2024 முடிய ஜொகூரில் அரசாங்க வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு விடுமுறை பெறும் அப்பாவுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து போக நாள் கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை சனி, ஞாயிறு. அந்தச் சாக்கு இப்போது இல்லை.

2. ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு தமிழ் நூலை இரவல் எடுங்கள். அது கணக்கில் பதிவாகும். அந்தக் கணக்குத்தான் நமக்குச் சாட்சி.

3. வேண்டிய தமிழ் நூல்களை எழுத்தில் கேளுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எத்தனை குடும்பங்கள் கேட்கின்றன என்பதை மலாயில் நாலு வரி எழுதினால் போதும். தனியாகக் கேட்பதைவிட 15 குடும்பம் சேர்ந்து கேட்பது மேல். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

4. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வர வேண்டும். நடமாடும் நூலக வண்டி நம் பள்ளிக்கு வருமா, பள்ளிக்கு மொத்தமாக நூல்கள் இரவல் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

5. கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மாதம் ஒருமுறை பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துச் செல்ல வேன் ஏற்பாடு செய்யுங்கள்.

மாநில அரசிடமும் நகராண்மைக் கழகங்களிடமும் நாம் கேட்பது மூன்றே மூன்று. ஆண்டுதோறும் நூல் வாங்கும் ஒதுக்கீட்டில் தமிழுக்கு ஒரு நிச்சயமான பங்கு. தமிழர் அதிகம் வாழும் வட்டாரங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பணியாளர். ஷிப்டு வேலை செய்யும் குடும்பங்களுக்குப் பொருந்தும்படி மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்த கதவு. இது சலுகை அல்ல. வரி கட்டுகிற குடிமக்களின் நியாயமான கோரிக்கை.

ஆனால் இந்தக் கோரிக்கையோடு நாம் போய் நிற்கும்போது, “உங்கள் ஆட்கள் எத்தனை பேர் நூலகத்துக்கு வருகிறார்கள்?” என்று கேட்பார்கள். அன்று நம் கையில் பதில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் உள்ள நூலக அட்டைகள்தான் அந்தப் பதில்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள். அங்கே தமிழ் அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். ஊர் ஊராகக் கணக்கெடுத்துக் கொண்டு போய்க் கேட்போம்.