கிருமியை வடிகட்டிய பிறகும்

ஜனவரி மாதக் கொல்கத்தாவில் இட்லி மாவு லேசில் பொங்காது. ராத்திரியில் குளிர் 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடும். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி டின்னுக்குள் இறக்கி வைப்பார்கள். போன வாரம் எங்கள் வீட்டில் அதுவும் பலிக்கவில்லை. இரண்டு ராத்திரி கழிந்தும் ஊற்றிய மட்டத்திலேயே மாவு கிடந்தது.

மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கையில் எதிர்வீட்டு அம்மாள் மகளோடு வந்தார். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். "டாக்டருக்குப் படிக்க மாட்டாளாம். மைக்ரோபயாலஜிதான் வேணுங்கறா. அதைப் படிச்சா வேலை கிடைக்குமா மாமா? நீங்க அதுலயே இருந்தவர், சொல்லுங்கோ" என்றார். உணவுச் சோதனைக்கூடத்தில் 30 வருஷம் கிருமி வளர்க்கப் பிளேட் ஊற்றி, முளைத்த புள்ளிகளை எண்ணியவன் நான். உட்கார்ந்து சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று இருவரையும் தெருமுனை மிஷ்டி தோய்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாவுப் பாத்திரத்தையும் கையோடு எடுத்துக்கொண்டேன்.

அங்கே பாலைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். தோயின் செம்பழுப்பு நிறம் அந்தக் காய்ச்சலில் வருவது. பாக்டீரியாவுக்கு அதில் பங்கில்லை. வெதுவெதுப்பாக ஆறியதும் முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டி விடுகிறார்கள். நம் உறைமோரை வங்காளிகள் தொம்பல் என்பார்கள். பிறகு மண்சட்டிகளில் ஊற்றி, அடுப்பை ஒட்டி வரிசையாக அடுக்கி, சாக்கும் பழைய கம்பளியும் போட்டு மூடிவிடுகிறார்கள். கடைக்காரர் சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். சட்டிகள் வெளியே வியர்த்து ஈரமாக இருந்தன. உள்ளிருக்கும் நீரை மண் உறிஞ்சி வெளியே விட விடத் தோய் இறுகும். பெண் ஒரு சட்டியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சுடறது தாத்தா" என்றாள்.

அந்தச் சூடுதான் விஷயம். தயிரில் முக்கியமாக இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், மணி கோத்த மாதிரி. லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ், சிறு குச்சி மாதிரி. இரண்டுக்கும் 40 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் கொண்டாட்டம். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடும். அமிலம் ஏற ஏறப் பாலின் புரதம் திரண்டு உறைகிறது. இட்லி மாவை உப்ப வைப்பது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று 1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர் முகர்ஜி என்ற வங்காளிப் பெயர்! அந்த பாக்டீரியாவை யாரும் வாங்கிப் போடுவதில்லை. உளுந்தோடு கூடவே வந்து, வாயுவை விட்டு மாவைத் தூக்குகிறது.

பாக்டீரியா வேறு, அது வெளியே விடும் பொருள் வேறு. பாலை உறைய வைப்பது அமிலம், மாவைத் தூக்குவது வாயு. இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகியவளுக்கு நுண்ணுயிரியலின் அரிச்சுவடி வந்துவிட்டது என்பேன். இதையே காலராவில் செய்து காட்டியவர் இந்த ஊரில் வேலை பார்த்த சம்பு நாத் டே. கடையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அவர் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

காலராவின் காரணத்தைத் தேடி ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1883 கடைசியில் எகிப்திலிருந்து கல்கத்தா வந்தார். காலராவில் இறந்தவர்களின் குடலில் மட்டுமில்லாமல், இங்கே ஒரு குளத்து நீரிலும் கால்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டார். அது ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்று அவர் சந்தேகித்ததோடு சரி, நிரூபிக்க முடியவில்லை. 75 வருஷம் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1915-ல் பிறந்த டே, கல்லூரித் தெருவிலுள்ள மருத்துவக் கல்லூரியில் இருந்தபோது, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டினார். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்த நீரை முயலின் குடலில் இரண்டு பக்கமும் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. நோயைச் செய்வது கிருமி விட்டுச்சென்ற விஷம் என்று தெரிந்துபோனது. 1959-ல் 'நேச்சர்' இதழில் அது வந்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயை நோபலுக்குப் பரிந்துரைத்தார். நம் நாட்டின் அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-ல் போய்ச் சேர்ந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த விஷம் குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. ஆனால் குளுக்கோஸோடு சேர்ந்து உப்பு உள்ளே போகும் வழி அடைபடுவதில்லை. 1971-ல் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்த வழியைத்தான் நம்பினார். லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து குடிக்கக் கொடுத்தார். காலராவில் நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாள் விடவில்லை. "அதெல்லாம் சரி மாமா, வேலை?"

உள்ளதைச் சொன்னேன். வெறும் பி.எஸ்ஸி.யோடு போனால் பால் பண்ணையிலோ மருந்துக் கம்பெனியிலோ ஷிப்ட் வேலையில் பிளேட் ஊற்றுவதில் ஆரம்பிக்க வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்தால் கதவுகள் கூடும். தடுப்பூசி, குடிநீர், கழிவுநீர், உணவு என்று எங்கும் கிருமியை எண்ண ஆள் வேண்டும். முதுநிலைப் பட்டத்தோடு மூன்று வருஷ உணவுச் சோதனை அனுபவம் இருந்தால் அரசின் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சி ஆசை இருந்தால் நெட் தேர்வு இருக்கிறது. 1962-ல் காலரா ஆய்வு மையமாகத் தொடங்கிய நிறுவனம் நம் பேலியாகாட்டாவிலேயே இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் ஆய்வகத் தலைமைக்கு மட்டும் பெரும்பாலும் எம்.டி. கேட்பார்கள், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர் சீட் கிடைக்காத குறைக்காக இதில் சேருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மாதமே சலித்துப்போவார்கள். இவள் கேட்டுச் சேர்கிறாள், அது பெரிய விஷயம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்வி எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆளுக்கொரு மைக்ராஸ்கோப் உண்டா, ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், பிளேட்டை மாணவர்களே ஊற்றுகிறார்களா. அம்மாள் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.

மாவுப் பாத்திரத்தை அன்று ராத்திரி கடைக்காரர் தோய்ச் சட்டிகளோடு சாக்குக்கடியில் வைத்துக்கொண்டார். காலையில் பெண்தான் போய் வாங்கி வந்தாள். மூடியை முட்டிக்கொண்டு நின்றது மாவு. கூடவே சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஒரு கரண்டி தொம்பலும் கேட்டு வாங்கியிருந்தாள். பள்ளி லேபில் ஊதாச் சாயம் போட்டு, மணியும் குச்சியும் தெரிகிறதா என்று பார்க்கப் போகிறாளாம்.

"திங்கட்கிழமைதான் லேப் திறப்பா. அதுவரைக்கும் உயிரோட இருக்குமா தாத்தா?"

பிரிட்ஜில் வை, இருக்கும் என்றேன்.