ஓடினால் போதுமா? நிற்கவும் வேண்டும்!

சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் வீட்டு மின்கம்பிகளைப் பேணும் முறையைப் பற்றி எழுதினோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், நம் இல்லம் தேடி வந்து, “ஐயா, வீட்டைக் காக்கும் வழி சொன்னீர்கள். எங்களைப் போன்றவர்கள் ஏறிச் செல்லும் வண்டியைக் காக்கும் வழியையும் சொல்லலாகாதா?” என்று கேட்டார்.

அவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்தவர், தையல் தொழிலாளி. இளமையில் தாக்கிய இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் வலுவிழந்தவர். நம் நாட்டில் அந்நோயின் கடைசித் தாக்குதல் 2011 சனவரியில் நிகழ்ந்தது. 2014 மார்ச்சில் நாம் அதிலிருந்து விடுபட்டோம் எனச் சான்றும் பெற்றோம். ஆயினும் அதற்கு முன் அந்நோய்க்கு ஆளானவர்களுள் பலர் இன்று குடும்பம் நடத்தும் வயதினர். இருபுறமும் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரே அவர்களுக்குக் கால் என்றால் மிகையாகாது.

நம் அன்பருக்கு நேர்ந்தது இது. ஒருநாட் காலை, மகளைப் பள்ளியில் விடுவதற்காக அழைத்துச் சென்றார். ஒரு சரிவில், முன்னே சென்ற ஆட்டோ திடுமென நின்றது. அவர் பின் பிரேக்கை முழுவதும் இறுக்கினார். டயர் கிறீச்சிட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. ஆட்டோவின் பின்புறத்தில் முட்டியே நின்றது. குழந்தைக்கு நெற்றியில் சிறு காயம். அன்று முதல் அவர் மனைவியார் மகளை அவ்வண்டியில் ஏற்ற மறுத்துவிட்டார். “வண்டியின்றி வேலைக்குப் போக வழியில்லை, பிள்ளையை ஏற்றவோ எனக்கே துணிவில்லை. பிரேக் ஷூவை இருமுறை மாற்றிவிட்டேன். கேபிளை ஒருமுறை மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம் ஐயா” என்றார். அவர் குரலில் இருந்த தளர்ச்சி நம்மை வருத்தியது.

“தம்பி, அன்று பின்சக்கரம் சுழன்றுகொண்டே சென்றதா, சுழலாமல் சறுக்கிச் சென்றதா?” என்று கேட்டோம். அவர் சற்றே எண்ணி, “சறுக்கியது ஐயா, சாலையில் கருங்கோடு விழுந்திருந்தது” என்றார்.

அன்பர்களே, இவ்வொரு கேள்வியில்தான் இத்திங்கள் நாம் சொல்லவந்த பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிடியை முழுவதும் இறுக்கியும் சக்கரம் சுழன்றுகொண்டே போனால், குறை பிரேக்கில் இருக்கிறது: ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிள் நெகிழ்ந்திருக்கலாம், டிரம்மில் எண்ணெயோ நீரோ புகுந்திருக்கலாம். சக்கரம் உடனே நின்றுபோய், வண்டி மட்டும் சறுக்கிச் சென்றால், பிரேக் தன் கடமையை முழுதும் செய்துவிட்டது என்று பொருள். அப்போது குறை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே புது ஷூ போடுவது, பசித்தவனுக்குத் தலைவலித் தைலம் தடவுவதை ஒக்கும்.

வேறிடம் யாது? சக்கரத்தின்மேல் விழும் எடையே அது. டயர் சாலையைப் பற்றும் வலிமை, அதன்மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. உலர்ந்த நல்ல சாலையில், எடையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு அளவுக்கே டயர் பற்றும். மழைச் சாலையில் அதனினும் குறையும். எடை சுமக்காத சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது வண்டியை நிறுத்தாது.

ஸ்கூட்டர் பிறக்கும்போது இருசக்கர வண்டியாகவே பிறந்தது. பின்பாரம் முழுவதும் ஒரே பின்சக்கரத்தின்மேல் விழும் என்று எண்ணியே அதற்குப் பிரேக் அமைத்தார்கள். பின்னர் நாம் இருபுறமும் சட்டம் பொருத்திப் பக்கச் சக்கரங்களை மாட்டுகிறோம். அவை பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் பல வண்டிகளில் அவற்றுக்குப் பிரேக் கிடையாது. சுமப்பது ஒருவர், நிறுத்துவது வேறொருவர் என்றாகிறது. நம் நகரத்து ஆட்டோவைப் பாருங்கள். அது மூன்று சக்கரத்தோடே பிறந்தது. ஒரே மிதியை அழுத்தினால் மூன்று சக்கரத்திலும் பிரேக் பிடிக்கிறது. நிறுத்தி வைக்கக் கைப்பிரேக்கும் தனியே உண்டு.

நிற்க. அன்பரின் வண்டியைப் பழைய இரும்புக் கடை ஒன்றின் தட்டுத் தராசுக்குக் கொண்டுசென்றோம். எடை பார்க்கும் சக்கரத்தைத் தராசில் ஏற்றி, மற்றச் சக்கரங்களுக்கு அதே உயரத்தில் பலகை இட்டு, அன்பரையும் குழந்தையின் எடைக்கு ஒரு மூட்டையையும் ஏற்றிப் பார்த்தோம். பின்பாரம் மொத்தம் 150 கிலோ. அதில் இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்து 100 கிலோவைத் தாங்கின. பிரேக் உள்ள நடுச்சக்கரத்துக்குக் கிடைத்தது வெறும் 50 கிலோ! அதில் பத்தில் ஏழு பங்கு 35 கிலோ. அந்த 35 கிலோ விசையைக் கொண்டுதான் ஏறக்குறைய 230 கிலோ வண்டியை நிறுத்த அவர் முயன்றிருக்கிறார்.

பின்னர் ஆளில்லாத சமதரை மைதானத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் செய்து, நாடா கொண்டு அளந்தோம். வண்டி நிற்க ஏறக்குறைய 10 மீட்டர் ஆயிற்று. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 40 மீட்டர்!

இனி, பரிகாரத்தைக் கூறுவோம்.

முதலாவது, செலவில்லாதது. பக்கச் சக்கரச் சட்டம் மிகத் தாழ்வாகப் பூட்டப்பட்டிருந்தது. நடுச்சக்கரத்தில் காற்றும் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து நடுச்சக்கரத்தைப் பாதி தூக்கியே வைத்திருந்தன. சாலைக் குழியில் அது அந்தரத்திலேயே தொங்கியிருக்கும். கையேட்டில் குறித்த அளவுக்குக் காற்றடித்து, சட்டத்தைச் சிறிது உயர்த்திப் பூட்டச் செய்தோம். நடுச்சக்கரத்தின் எடை 80 கிலோவாயிற்று. நிற்கும் தூரம் ஆறரை மீட்டராகக் குறைந்தது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பக்கச் சக்கரங்களை அளவுக்கு மீறி உயர்த்தினால் வண்டி ஒருபுறம் சாயும். காலூன்ற இயலாதவருக்கு அது பேராபத்து.

இரண்டாவது, செலவுள்ளது, ஆனால் முழுமையானது. பக்கச் சக்கரங்களுக்கும் பிரேக் அமைப்பதே அது. இங்கே பலர் ஒரு பிழை செய்கின்றனர். கைப்பிடியின் கேபிளோடு இன்னும் இரண்டு கேபிளை முடிந்துவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். ஒரு கையின் இழுவையை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மேலும், ஒரு பக்கத்துக் கேபிள் சிறிது கூடுதலாக இழுத்தாலும் வண்டி அப்பக்கம் திரும்பிவிடும். ஆகவே பக்கச் சக்கரங்களுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கே ஏற்றது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். அதனால் இரு சக்கரத்துக்கும் ஒத்த அழுத்தம் தானே கிட்டுகிறது.

இதிலும் அளவு அறிதல் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு சக்கரச் சிலிண்டரின் பரப்பும் 4 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விசை ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு மடங்காகும். ஆனால் இரு சக்கரத்திலும் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர, மாஸ்டர் பிஸ்டன் 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் மிகச் சிறிதானால், பிடி கைப்பிடியில் முட்டிவிடும், பிரேக் பிடிக்காது. மிகப் பெரிதானால், பிடி கல்லைப்போல் இறுகும். வலுவற்ற கைக்கு இயலாது. இரண்டுக்கும் இடைப்பட்டதைத் தேர்ந்தெடுப்பதே கைதேர்ந்த மெக்கானிக்கின் திறமை.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தையே நீக்கி, இரு சக்கர அச்சு பூட்டுவோருக்கும் இந்நெறி பொருந்தும். 1945-இல் முடிந்த உலகப் போருக்குப்பின், அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஹார்லி டேவிட்சன் வண்டிகளைத் தில்லியில் ‘பட்பட்டி’ என்னும் முச்சக்கர வண்டிகளாக்கி ஓட்டினர். சௌராஷ்டிரத்தில் புல்லட் மோட்டார் சைக்கிளைக் கொண்டு ‘சக்டா’ செய்தனர். இத்தகைய வண்டிகளில் பின்பாரம் மிகுதி. ஒரு டிரம்முக்கென அமைந்த மிதியைக் கொண்டு இரண்டை இயக்குவதானால், மேற்சொன்ன கணக்கைப் பார்த்தே தீர வேண்டும். இரு சக்கரமும் ஒரே அச்சில் இறுகச் சுழலுமாயின் அச்சிலுள்ள ஒரு பிரேக்கே இரண்டையும் நிறுத்தும். டிஃபரன்ஷியல் இருப்பின் இரு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும்.

நம் அன்பர், சங்கத்து நண்பர்கள் சிலர் கைகொடுக்க, இரண்டாவது பரிகாரத்தையும் செய்துகொண்டார். ஜே.சி. ரோட்டில் புதுச் சாமான்களே வாங்கினோம். பிரேக் விஷயத்தில் பழைய சாமான் மலிவென்று நாடுதல் அறிவுடைமையன்று. இடக்கைப் பிடியிலேயே, நடுச்சக்கரக் கேபிளோடு மாஸ்டர் சிலிண்டரும் இயங்குமாறு மெக்கானிக் இணைத்தார். மறுபடி மைதானத்தில் அளந்தோம்: 4 மீட்டருக்குள் நின்றது! முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தபோது இன்னும் குறைந்தது. முன் பிரேக்கை அஞ்சி ஒதுக்குவோர் பலர். அது தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், இரண்டையும் சேர்த்தே படிப்படியாக அழுத்துதல் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய இருசக்கர வண்டிகளில், இரு பிரேக்கையும் இணைக்கும் அமைப்போ ஏ.பி.எஸ். அமைப்போ இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. சக்கரம் பூட்டும் வேளையில் அவ்வமைப்பைக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்க.

மற்றொன்றும் உண்டு. வண்டியிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும் அந்நொடியில் வண்டி நகர்ந்தால் என்னாகும்? ஆகவே பிரேக் பிடியை இறுக்கி வைக்கும் கொக்கி செம்மையாக உள்ளதா என்று பார்க்க. மேடும் பள்ளமுமான இந்நகரில், சிறு மரக்கட்டை ஒன்றையும் எப்போதும் வண்டியில் வைத்திருந்து சக்கரத்தின் அடியில் இடுவது நன்று.

சட்டத்தையும் கூறிவிடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை நம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் உடற்குறையுடையோர் பயன்பாட்டுக்கென மாற்றியமைக்கும் வண்டிக்கு, பதிவு அலுவலகத்தின் ஒப்புதலுடன் இடமளிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தெளிவாக்கியது. மாற்றத்தைப் பதிவுச் சான்றில் எழுதச் செய்யுங்கள், காப்பீட்டாருக்கும் தெரிவியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருப்போர், கருநாடகப் பதிவெண் பெறவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

இறுதியாக, இல்லத்தில் உள்ளோர் எவரும் திங்களுக்கு ஒருமுறை பார்க்கக்கூடியவை சில. நான்கு டயரிலும் காற்று சரியாக உள்ளதா? பிரேக் தட்டில் உள்ள தேய்மானக் குறியை அம்பு எட்டிவிட்டதா? சட்டத்தின் வெல்டிங்கில் கீறல் உண்டா? எண்ணெய் எங்கேனும் கசிகிறதா? பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது; ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. அவ்விடத்தில் என்ஜின் எண்ணெயை ஒருபோதும் ஊற்றற்க. ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெடும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதற்க. அது நுரையீரலுக்குக் கேடு. மழைநீரில் சென்று வந்தபின், மெல்லப் பிரேக்கைப் பிடித்தவாறே சிறிது தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துக.

சென்ற வாரம் அன்பரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வாயிலில் வண்டி நின்றது. பின்னிருக்கையில் பள்ளிப் பை இருந்தது. அவர் மனைவியார் தேநீர் கொடுத்துவிட்டு, “நானே ஒருநாள் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன் அண்ணா, அதன் பிறகுதான் பிள்ளையை ஏற்றினேன்” என்றார். தராசும் நாடாவும் சொன்ன சான்றினும் அத்தாயின் சான்று பெரிது என்று எண்ணியவாறு திரும்பினோம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இத்தகைய வண்டி இருப்பின், அடுத்த ஞாயிறன்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சக்கரம் சுழல்கிறதா, சறுக்குகிறதா என்று பாருங்கள். அவ்விடையைக் கையில் கொண்டு பின்னர் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். காசும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

அடுத்த திங்கள் மற்றொரு பொருளோடு சந்திப்போம்.