மறைந்துபோய் மீண்ட நகவால் வலபி

கங்காருவை அறியாத மாணவர் இலர். அவுஸ்திரேலியா என்றதுமே, வயிற்றுப் பையிற் குட்டியை ஏந்தித் தாவிச் செல்லும் அவ்விலங்கு நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஆனால் அதன் சிறிய உறவினங்களாகிய வலபிகளை நம்மிற் பலர் அறியார். அவற்றுள்ளே மிக அருகிப்போன ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத எண்ணினோம். அது அழிந்துவிட்டது என்று அறிஞர் முடிவு செய்திருந்த காலத்தில், அதனை மீட்டுத் தந்தது ஒரு சஞ்சிகைக் கட்டுரை என்பது நம் வாசகர்களுக்குச் சுவை தரும் என நம்புகிறோம்.

இதன் பெயர் கடிவாள நகவால் வலபி. கழுத்தின் பின்புறத்தில் தொடங்கித் தோளைச் சுற்றி இறங்கும் வெண்கோடு, குதிரைக்குக் கடிவாளம் பூட்டியது போலத் தோன்றுவதால் முதற்பகுதி வந்தது. வாலின் நுனியிலே நகம் போன்ற சிறு முள் ஒன்று இருப்பதால் மற்றப்பகுதி வந்தது. அந்த முள்ளினால் விலங்குக்கு யாது பயன் என்பதை விலங்கியலார் இன்றுவரை துணிந்து கூறிலர். நன்கு வளர்ந்த ஆணும் எட்டுக் கிலோ அளவினதே. பெண் அதனினும் சிறியது. நகவால் வலபிகள் தாவும்போது முன்கைகளை வட்டமாகச் சுழற்றும். தெருவிலே கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிப்பவனை நினைந்து, குடியேறிய ஆங்கிலேயர் அதற்கு வேடிக்கையான பட்டப்பெயரும் சூட்டினர்.

பகலெல்லாம் புதரடியிற் கிடந்து, இரவில் வெளிவந்து புல்லும் பூண்டும் மேய்வது இதன் இயல்பு. பகை நெருங்கினால், உளுத்து விழுந்த மரப்பொந்தினுள் நுழையும். அல்லது தரையோடு தரையாகப் படுத்து அசையாது கிடக்கும். பையைவிட்டு இறங்கிய குட்டியைத் தாய் அடர்ந்த பற்றையிலே மறைத்துவிட்டுத் தான் மேயச் செல்லும். மறைவிடம் இன்றேல் இவ்விலங்குக்கு வாழ்வில்லை.

1841ஆம் ஆண்டில் ஜோன் கூல்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தபோது, இது கிழக்கு அவுஸ்திரேலியாவின் உட்பகுதிகளிலே சாதாரணமாகக் காணப்பட்ட விலங்கு. அதன்பின் வந்தவை ஆட்டு மந்தைகளும் துப்பாக்கிகளும். மேய்ச்சலுக்குப் போட்டியென்றும் தோலுக்காகவும் வலபிகள் கொல்லப்பட்டன. வேட்டை விளையாட்டுக்கென ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நரியும், வீட்டைவிட்டுக் காடேறிய பூனையும் எஞ்சியவற்றைத் தேடித் தின்றன. மோப்பம் பிடித்து வரும் நரிக்கு முன்னே, அசையாது படுத்திருக்கும் உபாயம் எங்ஙனம் பலிக்கும்? 1937க்குப் பின் நம்பத்தக்க செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. இனம் அற்றுவிட்டது என்றே கருதினர்.

முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1973இல், குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் வேலி அடைக்கும் தொழில் செய்த ஒருவர், மகளிர் சஞ்சிகை ஒன்றில் மறைந்துபோன விலங்குகளைப் பற்றிய கட்டுரையைக் கண்டார். அதிற் கூறப்பட்ட வெண்கோட்டு வலபியோ, டிங்கோ என்னும் சிற்றூருக்கு அருகே தாம் கண்டு பழகிய விலங்கு! அவர் செய்தி அறிவித்தார், அதிகாரிகள் சென்று பார்த்தனர், உண்மையே. (டிங்கோ என்பது அந்நாட்டுக் காட்டுநாயின் பெயர். வலபியைத் தின்னும் விலங்கின் பெயர்கொண்ட ஊரிலே வலபி பிழைத்திருந்தது விந்தைதான்.) இங்கே நாம் மெச்சுவது அவருடைய கண்ணை மட்டுமன்று. கண்டதை வாளாவிடாது, உரியவர்க்கு எடுத்துச் சொன்னாரே, அதனையே பெரிதும் மெச்சுகிறோம்.

அவ்விடத்திலே வளர்ந்திருந்தது பிரிகலோ என்னும் மரம். நம் நாட்டு வேலமரத்துக்கு உறவானது. அக்காலத்திலே அம்மாநிலமெங்கும் மேய்ச்சல் நிலத்துக்காகப் பிரிகலோக் காடுகளை அழித்து வந்தனர். இரு பெரும் இயந்திரங்களுக்கிடையே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்தால், இடைப்பட்ட மரமெல்லாம் வேரோடு சாயும். செய்தி இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. பின்னர் அரசு அந்நிலத்தை வாங்கிப் பாதுகாத்தது. 11,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அவ்விடம் இன்று ரோன்ரன் தேசிய வனம் எனப்படுகின்றது. ஆராய்ச்சிக்கன்றி உல்லாசப் பயணிகளுக்கு அங்கே இடமில்லை.

ஆயினும், நிலத்தை வாங்கியதோடு கவலை தீர்ந்துவிடவில்லை. 1990களின் வறட்சிக்குப் பின் அங்கேயும் தொகை பெரிதும் குறைந்தது. ஒரே இடத்தை நம்பியிருத்தல் ஆபத்து என்று கண்டு, அம்மாநிலத்தின் வேறு இடங்களிலும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நரியும் பூனையும் புகாத வேலியிட்ட ஸ்கோஷியா என்னும் சரணாலயத்திலும் வலபிகளைக் கொண்டுபோய் விட்டனர்.

இவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது அவோசெற் என்னும் சிறு காப்பகத்திலே நடந்த முயற்சியாகும். அங்கே பூனைகள் குட்டிகளையே பெரும்பாலும் கொன்று தீர்த்தன. வளர்ந்தவற்றைப் பிடிப்பது அவற்றுக்கு எளிதன்று. ஆகவே 2015 முதல் 2018 வரை, மூன்று கிலோவுக்குக் குறைந்த இளம் வலபிகளைப் பிடித்து, பூனை ஏற முடியாத வேலிக்குள் விட்டு வளர்த்தனர். அவற்றுட் பத்தில் ஒன்பது பங்கு அளவில் உயிர் தப்பின. மூன்று கிலோவைத் தாண்டியதும் வேலிக்கு வெளியே விடப்பட்டன. அக்காப்பகத்தின் வலபித் தொகை அந்தச் சில ஆண்டுகளிலே இரு மடங்குக்கு மேற் பெருகிற்று.