துண்டு எடுக்கத் திரும்பிய நேரம்

என் அத்தை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மழையில் வழுக்கும் மேட்டிலும் நிறைந்த வாளியோடு விழாமல் இறங்கியவர். எண்பது வயதில், ஈப்போவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டிலிலிருந்து விழுந்தார். நடக்கும்போது அல்ல, பேம்பர்ஸ் மாற்றும்போது.

அன்று பணியில் ஒரே ஒரு பெண். அத்தையைத் தனக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டிவிட்டார். அந்தப் பக்கத்துத் தடுப்புக் கம்பி இறக்கியே இருந்தது. துடைக்கத் துண்டு இல்லை என்று அலமாரிப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்தது. அதுவரை கைத்தாங்கலாக நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தவர், அதன்பின் கட்டிலோடு சரி.

நாங்கள் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தோம். ஆனால், இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டியது யார் என்று அன்று கேட்கவில்லை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் பாதிக்கப்படுவோர் 60 வயதைத் தாண்டியவர்கள். விழுவது என்றாலே நமக்குக் குளியலறையும் படிக்கட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பக்கத்தில் ஆள் நின்று பராமரிக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் ஆபத்து உண்டு. இதைத் தடுக்கச் சில பழக்கங்கள் போதும்.

முதலில், பேம்பர்ஸ், துண்டு, வெந்நீர், மாற்றுத்துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகே போர்வையை விலக்க வேண்டும். கட்டில் சக்கரங்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருவரே செய்வதானால், முதியவரைத் தன் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்புவதானால் அங்கே இன்னொருவர் நிற்க வேண்டும். உடல் கனத்தவர், கை கால் விழுந்தவர், மறதி நோய் உள்ளவர் என்றால் எப்போதும் இரண்டு பேர். காற்று மெத்தையின் ஓரம் அமுங்கி வழுக்கும்; அங்கே கூடுதல் கவனம் தேவை. வேலை முடிந்ததும் கட்டிலைத் தாழ இறக்கிவிட வேண்டும்.

எழுந்து நிற்கக்கூடியவர் என்றால், ஓரிரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்த பிறகே நிறுத்துங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

இன்னொன்று, மொழி. தோட்டத்திலேயே வாழ்ந்த பல முதியவர்களுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். பராமரிப்பவர் வெளிநாட்டவராக இருக்கலாம். சொல்லாமல் புரட்டினால் முதியவர் பயந்து உதறுவார், விறைப்பார். ‘திரும்புங்க’, ‘பிடிச்சுக்குங்க’, ‘பொறுங்க’ என்ற மூன்று சொற்களை அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

அதையும் மீறி விழுந்துவிட்டால் பதற்றத்தில் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்; அசைக்காமல் 999-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தோட்டங்கள் கைமாறி, பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பேராக்கில், இல்லம் தேடும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அது சமூகநல இலாகாவிலோ சுகாதார அமைச்சிலோ பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் பிறகு. “இராத்திரியில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள்? எங்கள் அம்மாவைத் திருப்பும்போது எத்தனை பேர் நிற்பார்கள்?” என்று அடுத்துக் கேளுங்கள். முடிந்தால் துணி மாற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

கட்டிலில் கிடந்தபடி அத்தை ஒருநாள் சொன்னார்: “கத்தியும் வாளியும் இல்லாம நான் ஒருநாளும் நெரைக்குப் போனதில்லைப்பா. அந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.