நடுக்குரல்

ஹெட்போன் விஷயத்தில் எந்தத் தர்க்கம் எழுந்தாலும், 'அதெல்லாம் அவரவர் ருசி' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள் நமது சங்கீத ரசிகர்கள். யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு ருசி என்பது மிகவும் சௌகரியமான வார்த்தை.

இரண்டு ஜெர்மன் ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஸென்ஹைஸர் எச்.டி.600, 1997-இல் வந்தது. மற்றது பேயர்டைனாமிக் டி.டி.990 புரோ. இரண்டும் பின்புறம் திறந்தவை. இரண்டும் நல்ல சரக்கு. இரண்டாவதில் அடிநாதமும் உச்சமும் தூக்கி நிற்கும். அதிலும் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மை. நடுப்பகுதி, அதாவது ஏறத்தாழ 300 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடம், இவ்விரண்டுக்கும் இடையே பள்ளமாகத் தாழ்ந்து கிடக்கும். (மத்திய ஸ்தாயியைச் சொல்லவில்லை; அது பாடகரின் சுருதிக்குத் தக்கபடி மாறும்.) எச்.டி.600-இல் இந்தப் பள்ளம் இல்லை.

அந்தப் பள்ளத்தில் கிடப்பது யார் என்று கேட்கிறேன். மனிதக் குரல் குடியிருக்கிற இடமல்லவா அது! பழைய டெலிபோன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுவரும். பேசுவது தாயாரா, கடன்காரனா என்று அதிலேயே நமக்குத் தெரிந்துவிடவில்லையா? எம்.டி. ராமநாதனுக்குக் கனத்த சாரீரம், ஆகவே அடிநாதம் தூக்கிய கருவிதான் தோது என்கிறார்கள். கனம் அடியில் இருக்கட்டும். ஸாகித்யத்தில் 'அ' எது, 'ஒ' எது என்று பிரிகிற இடம் நடுவில் இருக்கிறது. அடியை மட்டும் தூக்கினால் ரீங்காரம் வரும், வார்த்தை வராது.

கிட்டப்பாவிடம் போனால் நிலைமை இன்னும் மோசம். 1933-இல் மறைந்த மனிதர். அவர் விட்டுப்போன 78 ஆர்.பி.எம். தட்டுகளில் நடுப்பகுதியைத் தவிர வேறென்ன பெரிதாகப் பதிவாகியிருக்கிறது? ஆழ்ந்த அடிநாதம் அவற்றில் ஏறவே இல்லை. உச்சத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தட்டின் இரைச்சல். டி.டி.990 அந்த இரைச்சலைத் தூக்கி முன்னால் நிறுத்திக் குரலைப் பின்னால் தள்ளுகிறது. இப்படிக் கேட்ட ஒரு கல்லூரிப் பையன், 'அந்தக் காலத்தில் இப்படித்தான் கீச்சுக் கீச்சென்று பாடினார்களா?' என்று சிரிக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இரைச்சலுக்குத் 'தெளிவு' என்று பெயர் சூட்டி அவனுக்குச் சிபாரிசு செய்தாரே ஒரு ரசிகர், அவர்மேல்தான் கோபம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கும் இதே கதிதான்.

இன்றைய சினிமாப் பாட்டில் கம்ப்யூட்டரில் பிறக்கிற அடிநாதம் எச்.டி.600-இல் மெலிந்துதான் கேட்கிறது. அந்தப் பாட்டுக்கு டி.டி.990 கொடுக்கிற குதூகலத்தை நான் மறுக்கவில்லை, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அடி குறைந்தால் அந்தப் பாட்டில் கொஞ்சம்தான் குறைகிறது. நடு குறைந்தாலோ கிட்டப்பாவே காணாமற்போகிறார். இரண்டு நஷ்டமும் எப்படி ஐயா ஒன்றாகும்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 300 ஓம் கொண்ட எச்.டி.600-ஐ நேரே கைபேசியில் செருகிவிட்டு, 'உயிரே இல்லை' என்று உதறுகிறவர்கள். முதலில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கட்டும். அப்புறம் சண்டைக்கு வரட்டும்.